தப்புப் போட்ட அடுத்த நிமிஷம்: கணக்கு வராத மகளும் நாங்கள் பயன்படுத்திய ஆப்களும்

கணக்கில் திணறும் வளர்ந்த பிள்ளைக்கு எந்த ஆப் நல்லது என்று சொந்தக்காரர்களும் பள்ளி வாசலில் பார்க்கும் அம்மாக்களும் என்னிடம் கேட்கிறார்கள். ஏழாம் வகுப்பில் தொடங்கி இப்போது பத்தாம் வகுப்பு வரை என் மகளோடு உட்கார்ந்து பலவற்றைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். பிள்ளை ஒரு கணக்கைத் தப்பாகப் போட்ட அடுத்த நிமிஷம் அந்த ஆப் என்ன செய்கிறது? வீடியோ அழகாக இருக்கிறதா, நட்சத்திரம் தருகிறதா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான்.

அதற்குக் காரணம் வயசு. எட்டு வயசுப் பிள்ளை தப்பாகப் போட்டால் நோட்டை எடுத்துக்கொண்டு நம்மிடமே வந்துவிடும். பதின்மூன்று பதினான்கில் அப்படி வராது. தப்பை மறைக்கும், ரப்பர் போட்டு அழிக்கும், கடைசியில் பக்கத்தையே வெறுமையாக விட்டுவிடும். என் மகளின் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டில் கேள்வி மட்டும் மணிமணியாக எழுதியிருக்கும், கீழே ஒன்றும் இருக்காது.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மாநிலம் கேரளா, வீட்டிலும் தோப்பிலும் கடையிலும் பேச்சு தமிழ். மகள் படிப்பது கேரளப் பாடத்திட்டம், தமிழ்வழி. அண்ணன் குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில். அவர் மகன் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். விடுமுறையில் இரண்டு பேரும் ஒரே திண்ணையில் இரண்டு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இது எங்களுக்குப் பெரிய லாபமாக அமைந்தது, பின்னால் சொல்கிறேன்.

கொரோனா வந்தபோது மகள் ஐந்தாம் வகுப்பு. 2020 ஜூன் 1 அன்று, பள்ளிகளின் கம்ப்யூட்டர் வேலைகளைக் கவனிக்கும் கேரள அரசு நிறுவனமான கைட்டின் விக்டர்ஸ் டிவி சேனலில் ஃபர்ஸ்ட் பெல் என்ற வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கும் தமிழில் வகுப்பு வந்தது. அந்த நேரத்தில் அது பெரிய காரியம், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் டிவியில் பாடம் நடத்துகிற டீச்சருக்கு இந்தப் பக்கம் பிள்ளை என்ன எழுதுகிறாள் என்று தெரியாது. 2021 நவம்பர் 1இல் பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்பு முழுவதும், ஆறில் கிட்டத்தட்டப் பாதியும் போயிருந்தது. பின்னம் கால் ஊன்ற வேண்டிய வயசு அது. என் மகளுக்கு ஊன்றவில்லை. இவள் வயசுப் பிள்ளைகள் பலருக்கும் இதே இடத்தில்தான் ஓட்டை இருக்கிறது என்பது, வீட்டுக்கு வரும் இவள் தோழிகளின் நோட்டைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. எட்டாம் வகுப்புச் சமன்பாடு வரவில்லை என்று எட்டாம் வகுப்பு வீடியோவையே திரும்பத் திரும்பப் போட்டுக்காட்டுவதில் பயன் இல்லை. கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

கீழே இறங்க எங்களுக்கு உதவியது கான் அகாடமி. சல்மான் கான் என்பவர் அமெரிக்காவில் 2004இல் தூரத்தில் இருந்த உறவுக்காரச் சிறுமிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2008இல் லாப நோக்கில்லாத நிறுவனமாக ஆக்கியது இது. வீடியோவும் பயிற்சியும் இலவசம். பலர் இதை வீடியோ பார்க்கும் இடம் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் வீடியோவைவிடப் பயிற்சிப் பகுதிதான் முக்கியம். தப்பான விடை கொடுத்தால் அடுத்த கேள்விக்கு ஓடாமல், இன்னொரு முறை போட்டுப்பார்க்கச் சொல்லும். முடியவில்லை என்றால் குறிப்பை ஒவ்வொரு படியாகத் திறக்கலாம். முதல் முயற்சிக்கு முன்னாலேயே குறிப்பைத் திறந்தால் அந்தக் கேள்வி சரி என்று கணக்கில் சேராது. ஒரு பயிற்சியில் எழுபது சதவீதம் சரியாக இருந்தால் ஒரு நிலை, முழுவதும் சரியாக இருந்தால் அடுத்த நிலை. அதற்கும் மேல்நிலை வேண்டுமென்றால் பல பாடங்களைக் கலந்து கேட்கும் தேர்வில் மறுபடி சரியாகப் போட வேண்டும். நேற்றுப் படித்தது இன்று மறந்துவிட்டதா என்று அங்கே தெரிந்துவிடும்.

ஒன்றை இங்கே கவனியுங்கள். அதில் வகுப்பு வாரியாகவும் பாடங்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு என்று போட்டிருக்கும் பக்கத்தைத் திறக்க மாட்டாள். பக்கத்தில் தம்பி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் அரித்மெட்டிக், ப்ரீ அல்ஜீப்ரா என்று வகுப்பு எண் இல்லாமலும் பாடத்தொகுப்புகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது அதே பின்னம், அதே தசமம், அதே மைனஸ் எண்கள்தான். அதைத் திறந்து கொடுத்த பிறகு மகளே ஃபோனைக் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். வளர்ந்த பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுவது பாடத்தில் பாதி வேலை.

நாங்கள் பயன்படுத்தியது ஆங்கிலத்தில். வெறும் எண் கணக்குக்கு அது தடையாக இல்லை. வாக்கியமாக வரும் கணக்கில்தான் திணறினாள், அங்கே நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. நியூமரேட்டர், டினாமினேட்டர் போன்ற சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எப்படியும் பிளஸ் ஒன்னில் இந்தச் சொற்கள்தான் வரப்போகின்றன.

ஒரு சாயங்காலம் 1/2 + 1/3 என்று கேள்வி. இவள் 2/5 என்று போட்டாள். ஆப் தப்பு என்றது. உடனே விடையைச் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு இடம் கொடுத்தது.

"எப்புடிக் கண்ணு போட்ட?"

"மேல இருக்கறத மேல இருக்கறதோட கூட்டினேன், கீழ இருக்கறத கீழ."

"சரி. அஞ்சுல ரெண்டு பங்கு பெருசா, அரை பெருசா?"

கொஞ்ச நேரம் நோட்டில் ஒரு பட்டையைப் போட்டு ஐந்தாகப் பிரித்தாள். "அரைதாம்மா பெருசு."

"அரையோட இன்னும் கொஞ்சம் சேத்துனா அரையவிடக் கொறையுமா?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பைத் திறந்து, இரண்டு பட்டையையும் ஆறு பங்காக வெட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு 5/6 என்று எழுதினாள். அன்றிலிருந்து விடை வந்ததும் இது முன்னால் இருந்ததைவிடக் கூடணுமா குறையணுமா என்று தானே கேட்டுக்கொள்ளும் பழக்கம் வந்தது. நான் கேட்ட கேள்வி, ஆப் காட்டிய படம் இரண்டும் சேர்ந்தால்தான் அது நடந்தது. ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போய்விட்டால் நடக்காது.

அடுத்தது ஜியோஜீப்ரா, திரையில் வட்டம், கோடு எல்லாம் வரைந்து விரலால் நகர்த்திப் பார்க்கும் ஆப். என்னைக் கேட்டால் வடிவியலில் திணறும் பிள்ளைக்கு இதற்கு இணையாக இன்னொன்று இல்லை. மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கிய வேலை இது. கேரளப் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல. பள்ளிக் கம்ப்யூட்டர்களில் கைட் கொடுத்த லினக்ஸ் இயங்குதளத்தில் இது இருக்கிறது, ஐசிடி என்ற கம்ப்யூட்டர் பாடத்திலும் வருகிறது, கணக்குப் புத்தகத்திலேயே இதில் வரைந்துபார் என்று பெட்டி போட்டிருப்பார்கள். லேபில் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான். வீட்டு ஃபோனிலும் இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். எங்கள் தோப்பு வீட்டில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், அதனால் இது பெரிய வசதி.

இதில் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. தான் நினைத்தது தப்பு என்று பிள்ளையே பார்க்கிறாள். பத்தாம் வகுப்பில் வட்டம் பாடம். விட்டத்தின் இரண்டு முனைகளையும் வட்டத்தின் மேல் உள்ள ஒரு புள்ளியோடு சேர்த்தால் அங்கே செங்கோணம். புள்ளி உள்ளே போனால் கோணம் தொண்ணூறுக்கு மேல், வெளியே போனால் குறைவு. மகள் இதை மூன்று வரியாக மனப்பாடம் செய்து, மூன்றையும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தாள். ஜியோஜீப்ராவில் ஒரு வட்டம், விட்டம், ஒரு புள்ளி போட்டு, கோணத்தின் அளவு தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். கட்டை விரலால் புள்ளியை நகர்த்தினாள். 84 என்று காட்டியது, உள்ளே தள்ளத் தள்ள 97, 120, விட்டத்தை நெருங்கியதும் 170க்கு மேல். வெளியே இழுக்க இழுக்கச் சுருங்கிக்கொண்டே போனது. வட்டத்தின் மேல் சரியாக நிறுத்தி 90 வரவைக்க மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தாள். "விட்டத்து மேலயே போயி உக்காந்தா 180 ஆயிரும், நேர்கோடுதானம்மா" என்று அவளே சொன்னாள். மனப்பாடம் செய்த மூன்று வரிகளும் அதற்கு அப்புறம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

(a + b)² என்பதை a² + b² என்று எழுதும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். பக்கம் a + b உள்ள சதுரத்தை நான்கு துண்டாகப் பிரித்து, a, b இரண்டுக்கும் ஸ்லைடர், அதாவது இழுத்தால் அளவு மாறும் பட்டை, வைத்துக் கொடுங்கள். விட்டுப்போன இரண்டு செவ்வகங்களும் கண் முன்னால் பெரிதாகும், சிறிதாகும். 2ab எங்கிருந்து வந்தது என்று வாயால் விளக்க வேண்டியதில்லை.

இனி எல்லைக்கு அந்தப் பக்கத்து லாபம். அண்ணன் மகனின் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. 2017இல் மத்திய அரசு தொடங்கிய தீக்‌ஷா ஆப்பில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ தமிழில் வரும். கேரளத்துத் தமிழ்வழிப் பிள்ளைக்கு நல்ல தமிழில் விளக்கம் கிடைப்பது அரிது. அதனால் மைனஸ் எண்களுக்கு அவன் புத்தகத்தின் ஆறாம், ஏழாம் வகுப்பு முழுக்கள் பாடத்தை எடுத்து இவளுக்குக் கொடுத்தேன். பாட வரிசை வேறு, சில இடங்களில் கலைச்சொல்லும் வேறு, ஆனால் கணக்கு ஒன்றுதானே. கேரளப் புத்தகங்களின் தமிழ்ப் பதிப்பு கைட்டின் சமக்ரா தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. பழைய வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட்டவர்கள் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த இரண்டையும் நான் மேலே சொன்ன ஆப்களுக்குக் குறைவாக நினைக்கவில்லை.

படம் பிடித்தால் விடை தரும் ஆப்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணக்கைக் கேமராவில் காட்டினால் படிப்படியாகப் போட்டுத் தருகின்றன. பிள்ளை தப்பு செய்வதற்கு முன்னாலேயே விடை வந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு இவற்றில் பிடிக்காதது. தப்பே நடக்காத இடத்தில் திருத்த என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் ஒரே நிபந்தனை: நோட்டில் முழுதாகப் போட்டு முடித்த பிறகு சரிபார்க்க மட்டும். அப்போதும் கடைசி விடையைப் பார்க்கக் கூடாது, எந்தப் படியில் இரண்டும் பிரிகின்றன என்று பார்க்க வேண்டும். அப்படிப் பயன்படுத்தினால் நல்ல கருவி.

செயற்கை நுண்ணறிவு அரட்டை ஆப்களிடம் தமிழிலேயே கேட்கலாம், தமிழிலேயே பதில் வரும். எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது. கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஆனால் நாங்கள் பயன்படுத்திய ஒன்று, சரியான விடையை இவள் தப்பு என்று அழுத்திச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தப்பான விடைக்கு மாறிவிட்டது. தன் மேலேயே நம்பிக்கை இல்லாத பிள்ளை இதில் ரொம்பக் குழம்பிப்போகும். விளக்கம் கேட்கலாம், விடைக்கு நம்ப வேண்டாம்.

பணம் கட்டும் ஆப் ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டில் தவணையில் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு ஒரு பரீட்சை வைத்து, அவன் மார்க்கைக் காட்டிப் பயமுறுத்தி விற்றார்கள். வீடியோவில் படம் பிரமாதம். பயிற்சி எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அதனால் பையன் குருட்டாம்போக்கில் தட்டிக்கொண்டே போனான். நிறுத்தலாம் என்றபோது வங்கிக் கணக்கிலிருந்து தவணை போவதை நிறுத்த அலைய வேண்டியிருந்தது. தவணைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன் நான் மேலே சொன்ன இலவசங்களை ஒரு பருவமாவது பாருங்கள்.

இன்னொன்று மனசில் வையுங்கள். பதினான்கு வயசிலும் எட்டும் ஐந்தும் கூட்ட விரல் விட வேண்டியிருக்கிறது, முள் கடிகாரம் பார்க்கத் தடுமாற்றம், கடையில் மீதிச் சில்லறை புரியவில்லை என்று எல்லாம் சேர்ந்து இருந்தால் ஆப்பை ஒதுக்கி வைத்துவிட்டு ஆளைப் பாருங்கள். டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அது சோம்பேறித்தனம் அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. வட்டார வள மையத்தில் சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளியில் கேட்டால் வழி சொல்வார்கள். எந்த ஆப்பும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது.

என் மகளுக்குக் கணக்கு இப்போது பிடித்த பாடம் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டில் வெற்றுப் பக்கம் இல்லை. தப்பாக இருந்தாலும் போட்டிருக்கிறாள், அடித்துவிட்டு மறுபடி போட்டிருக்கிறாள். நேரமும் அதிகம் ஆவதில்லை, தினமும் சாயங்காலம் டீ குடித்த பிறகு அரை மணி நேரம், ஃபோனுக்குப் பக்கத்தில் கட்டாயம் நோட்டும் பென்சிலும். அண்ணன் மகனுக்கும் இந்த விடுமுறையில் தொடங்கிவிட்டேன். "அத்தே, எனக்கு அல்ஜீப்ராதான் வரல" என்றான். −3 − 5 எவ்வளவு என்று கேட்டேன், 2 என்றான். முழுக்கள் பாடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறோம்.