எள் விழுது: எதை வீட்டில் அரைக்கலாம், எதை வாங்கிவிடலாம்

வெளிறிய நிறத்தில், வழவழவென்று இருக்க வேண்டிய எள் விழுதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகச் சிவக்க வறுத்த விழுதையும் கறுப்பு எள் விழுதையும் வீட்டிலேயே அரையுங்கள். என் தீர்ப்பு இதுதான். ஹம்மஸுக்கு (கொண்டைக்கடலை மசியல்) ஏற்ற தஹினியை, அதாவது அந்த வெளிறிய எள் விழுதை, மிக்ஸியில் அரைத்துக் காட்டுகிறேன் என்று பலர் வரிந்துகட்டுகிறார்கள். கடைசியில் வருவது நறநறப்பும் லேசான கசப்பும் கொண்ட ஒரு விழுது. அரைத்தவர் கையில் குறை இல்லை. அந்த விழுது கேட்கும் இரண்டு விஷயங்களை வீட்டுச் சமையலறையால் தர முடியாது, அவ்வளவுதான்.

முதலாவது, தோல். எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அந்த எண்ணெயை வெளியே வரவழைத்து மற்றதையெல்லாம் அதில் மிதக்கவிடுவதுதான் விழுது. ஆனால் தோலில் எண்ணெய் இல்லை, நாரும், கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருளும்தான். எவ்வளவு அரைத்தாலும் தோல் துகள் நாக்கில் தட்டும், கசப்பும் அங்கிருந்துதான் வருகிறது. தோலோடு அரைத்தால் கால்சியம் கொட்டிக் கிடக்கிறதே என்பார்கள். கணக்கு உண்மைதான்: தோலுள்ள எள் 100 கிராமில் 975 மில்லிகிராம் வரை கால்சியம் உண்டு, தோல் போனால் அதில் பெரும்பகுதி போய்விடும். ஆனால் அப்படிப் போகிற கால்சியத்தில் கணிசமான பங்கு ஆக்சலேட்டோடு கட்டுண்டு கிடப்பது. உடம்பு அதை எளிதில் எடுத்துக்கொள்ளாது. கால்சியத்துக்காகக் கசப்பைச் சகித்துக்கொள்வது எனக்குப் பெரிய லாபமாகத் தெரியவில்லை. சிறுநீரகக் கல் தொந்தரவு உள்ளவர்கள் தோலோடு அரைத்ததைத் தினமும் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தோலை வீட்டில் நீக்க முடியாதா? முடியும். எள்ளைச் சில மணி நேரம் ஊறவைத்து, துணியில் போட்டுக் கசக்கி, உப்பை நிறையக் கரைத்த நீரில் கொட்டினால் தோல் அடியில் தங்கும், பருப்பு மேலே மிதக்கும். பாரம்பரியத் தஹினிப் பட்டறைகளில் செய்ததும் இதுதான். பிறகு உப்புப் போகக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். ஒரு கிண்ணம் விழுதுக்கு ஒரு நாள் வேலை. தோல் நீக்கிய எள்ளையே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். வெள்ளையாக இருப்பதெல்லாம் தோல் நீக்கியது அல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். தோல் நீக்கிய எள் மங்கலான பளபளப்போடு, தொட்டால் லேசாக எண்ணெய் ஒட்டுவதுபோல் இருக்கும். தோலுள்ள வெள்ளை எள்ளில் அந்தப் பளபளப்பு இருக்காது. பாலேடு நிறத்திலோ பழுப்பு கலந்தோ வறண்டு தெரியும்.

இரண்டாவது, மாவின் நுண்மை. ஆலையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எள் நசுங்குகிறது. மிக்ஸியில் கத்தி வெட்டுகிறது. வெட்டுவது வேறு, நசுக்குவது வேறு. ஓரளவுக்குச் சிறிதான துகள் கத்தியில் சிக்காமல் நழுவி ஓடும். எள் என்றால் எண்ணெயாக நிற்க வேண்டும் என்ற பழமொழி மிக்ஸிக்குத் தெரியாது.

வறுப்பில் வீடு ஜெயிக்கிறது

எந்தக் கருவி என்பதில் மல்லுக்கட்டுகிற அளவுக்கு வறுப்பில் யாரும் கவனம் வைப்பதில்லை. மணம் முழுக்க அங்கேதான் பிறக்கிறது. எள்ளில் உள்ள செசமோலின் என்ற பொருள் சூட்டில் உடைந்து செசமோல் ஆகிறது. வறுத்த எள்ளின் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகாமல் இருக்க அது துணை நிற்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து, நமக்குப் பழகிய அந்த வறுத்த வாசனையைத் தருகின்றன.

கடையில் கிடைப்பது ஒன்று பச்சையாக இருக்கும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் பொதுவான இளவறுப்பாக இருக்கும். சீன முறை எள் விழுதின் ஆழ்ந்த பழுப்பை நீங்களே தீர்மானிக்க வேண்டுமானால் வாணலிதான் வழி. அடி கனமான வாணலி, சிறு தீ, கை ஓயாத கிளறல். முதலில் ஈரம் போகும், பிறகு ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கும். வெளிறிய விழுதுக்கு அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஆழ்ந்த வறுப்புக்கு, விரலில் எடுத்து நசுக்கினால் பொடிந்து உதிரும்வரை போகலாம். அதற்கு மேல் நொடிக்கணக்கு. தாண்டினால் கமறல், தேன் ஊற்றினாலும் மறையாது. தீயை அணைத்ததும் அகலமான தட்டில் கொட்டிப் பரப்புங்கள். வாணலியிலேயே விட்டால் வறுபட்டுக்கொண்டேதான் இருக்கும். ஓவன் இருந்தால் 175 டிகிரி செல்சியஸில், மெல்லிய படலமாகப் பரப்பி, 8 முதல் 10 நிமிடம். நடுவில் கிளறிவிட வேண்டும். ஒரே சீராகச் சிவப்பதற்கு ஓவன் மேலானது. நிறத்தைப் பார்த்துப் பார்த்து நிறுத்துவதற்கு வாணலி மேலானது. நான் வாணலிக் கட்சி.

கறுப்பு எள்ளில் இந்த நிறக் கணக்கு உதவாது, வறுபட்டது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் வெள்ளை எள்ளையும் சேர்த்துப் போட்டு அதன் நிறத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். அல்லது மூக்கை நம்பலாம்.

வறுக்காமல் பச்சையாக அரைப்பதை ஆரோக்கியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தஹினியில் சால்மொனெல்லா கிருமி தென்பட்டுச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற சம்பவங்கள் பல உண்டு. எண்ணெய் மிகுந்த, ஈரமற்ற விழுதில் அது பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். நீர் சேர்த்துச் சாஸாக்கியதும் பெருக வாய்ப்பு கிடைத்துவிடும். வறுப்பது அபாயத்தை முற்றிலும் நீக்காது, குறைக்கும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டில் பச்சை விழுது வேண்டாம் என்பேன்.

எதில் அரைப்பது

மிக்ஸியின் சின்ன ஜார்தான் பெரும்பாலோருக்குப் போதும். ஒரு கப் எள், அதாவது 150 கிராம் அளவில், வறுத்த சூடு லேசாக இருக்கும்போதே போடுங்கள். வெதுவெதுப்பில் எண்ணெய் சீக்கிரம் பிரியும். அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதை வழித்துத் தள்ளி, மறுபடி ஓட்ட வேண்டும். முதலில் பொடி, பிறகு ஈர மணல், பிறகு கட்டி; பலர் கட்டியைக் கண்டதும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிடுகிறார்கள். பொறுத்தால் கட்டி தானே இளகும். இளகாவிட்டால் ஒரு மேசைக்கரண்டி, போனால் இரண்டு. அதற்கு மேல் ஊற்றினால் விழுதின் சுவை நீர்த்துப்போகும். எந்த எண்ணெய்? வாடையில்லாதது, அல்லது வறுக்காத எள்ளில் ஆட்டிய நல்லெண்ணெய். தண்ணீர் மட்டும் ஒரு துளி கூடாது. ஏன் என்பது கீழே வரும்.

ஃபுட் ப்ராசஸரின் பாத்திரம் அகலம். ஒரு கப் எள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கத்திக்கு எட்டாது. மூன்று கப் போட்டால் நன்றாக அரைக்கும், ஆனால் மூன்று கப் விழுதை யார் தின்று தீர்ப்பது?

சாக்லேட் அரைக்கும் சிறு கல் எந்திரம் இருந்தால் ஆட்டமே வேறு. சில மணி நேரத்தில் ஆலை விழுதுக்கு நெருங்கி வந்துவிடும். இதற்கென்று அதை வாங்குவது வீண் செலவு. மாவாட்டும் கிரைண்டரில் போட்டுப் பார்ப்பதற்கும் நான் எதிரி. ஈரமாவுக்குச் செய்த மோட்டார் இந்தக் கெட்டி விழுதில் திணறும், கல்லின் துளைகளில் ஒளிந்திருக்கும் ஈரமே விழுதைக் கெடுக்கவும் போதும்.

ஜப்பானியச் சுரிபாச்சி என்பது உட்புறம் முழுக்க வரிகள் கீறிய மண் கிண்ணம். மரக் குழவியால் சுற்றிச் சுற்றி அரைப்பார்கள். வழவழப்பு இதன் இலக்கே அல்ல. பாதி உடைந்தும் பாதி எண்ணெய் கக்கியும் நிற்கிற நிலையில் சோயா சாஸ், சிறிது சர்க்கரையோடு வெந்த கீரையில் புரட்டினால், மிக்ஸி விழுதால் எட்டிப் பிடிக்க முடியாத மணம் வரும். இரண்டு மேசைக்கரண்டி போதும் என்ற நாளில் எனக்கு இதுதான். சாதாரணக் கல்லுரலிலும் நடக்கும், கை கொஞ்சம் வலிக்கும்.

எதில் எது

எலுமிச்சைச் சாஸுக்குக் கடைத் தஹினி. அரைக் கப் விழுதில் எலுமிச்சைச் சாறை ஊற்றியதும் அது சிமெண்ட் போல இறுகும். கெட்டுவிட்டதோ என்று பயந்து தூக்கிப் போட்டவர்கள் உண்டு. சிறிதளவு நீர் எண்ணெய்க்குள் நுழைந்ததும் மாவும் புரதமும் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் இறுக்கம் இது. அரைக்கும்போது தண்ணீர் கூடாது என்றதற்கும் இதுவே காரணம். இங்கே பரிகாரம் இன்னும் தண்ணீர்தான்: ஐஸ் நீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி, வெளுத்து, பாலாடை போலாகிவிடும். பூண்டை நசுக்கி உப்போடு எலுமிச்சைச் சாறில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடித்த சாறைச் சேர்த்தால் பூண்டின் காரம் தணிந்து வாசனை மட்டும் நிற்கும். புளிப்பு அந்தக் காரத்தை உண்டாக்கும் நொதியைத் தடுத்துவிடுகிறது. ஹம்மஸுக்கும் முதலில் இந்தச் சாஸை அடித்துவிட்டு, பிறகு வெந்த கொண்டைக்கடலையைச் சேர்ப்பது நல்லது.

நூடுல்ஸுக்கு வீட்டில் ஆழ்ந்து வறுத்ததுதான். வூஹானின் சூடான உலர் நூடுல்ஸில் எள் விழுதுதான் கதாநாயகன். அங்கே இளம் தஹினியை ஊற்றினால் சோயா சாஸும் மிளகாய் எண்ணெயும் அதை விழுங்கிவிடும். வெந்நீரில் சிறிது சிறிதாகக் கரைத்து, கறுப்பு வினிகரும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேருங்கள். லேசான நறநறப்பு இதில் குறையே அல்ல.

இனிப்பில் கறுப்பு எள் தனிக்காட்டு ராஜா. தோலோடு அரைப்பதால் வரும் கசப்பு தேனோடு சேரும்போது ருசியாக மாறுகிறது. துருக்கியில் தஹினியைத் திராட்சைப் பாகோடும், ஈராக்கில் பேரீச்சைப் பாகோடும் குழைத்து ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். இதற்கு வீட்டு விழுது, கடை விழுது இரண்டும் சரி. பாகு எல்லாக் குறையையும் மூடிவிடும். தஹினியில் சர்க்கரைப் பாகு சேர்த்துச் செய்யும் எள் ஹல்வாவை வீட்டில் செய்யலாம்தான், ஆனால் பாகு 120 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். வெப்பமானி இல்லாமல் இறங்காதீர்கள்.

ஆறிய விழுதை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில மாதம் தாங்கும். எண்ணெய் மேலே பிரிந்து நிற்பது இயல்பு. முதல் சில நாள் புட்டியைத் தலைகீழாக வைத்தால் கலக்குவது எளிது. சிக்கு வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். நீர் சேர்த்த சாஸின் ஆயுள் வேறு: மூன்று நான்கு நாள்.

விருந்தினருக்கு வைப்பதானால் எள் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள் எள். அரைத்த ஜாரின் கத்திக்கு அடியில் தங்கும் விழுது சும்மா அலசினால் போகாது. சோப்பு நீர் ஊற்றி ஒருமுறை ஓட்டிக் கழுவுங்கள். ஒவ்வாமை யாருக்கும் இல்லாத வீட்டில் அதைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லை: எலுமிச்சைச் சாறும் ஐஸ் நீரும் உப்பும் ஊற்றி ஒரு சுற்று விட்டால், ஜாரில் ஒட்டியிருப்பது அத்தனையும் அன்றைய சாலட்டுக்குச் சாஸ்.