அரசுப் பள்ளிக்கு எது முதலில்: பெற்றோர் அக்கறையா, நிதியா?

என் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் பெற்றோரைத் திரட்டுவதா, பள்ளிக்கு நிதி கேட்டு நடையாய் நடப்பதா என்று வந்தபோது நான் நிதியின் பக்கம் போனேன்.

பெற்றோர் அக்கறையின் அருமையை யாரும் மறுக்கப் போவதில்லை. "இன்னைக்கு என்ன பாடம் நடத்துனாங்க?" என்று வீட்டில் ஒருவர் கேட்டாலே பிள்ளைக்குப் படிப்பில் பிடிப்பு வரும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது. சரி, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் என்றால் சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அரை நாள் கூலி போய்விடும். வர முடியாதவர்களின் பிள்ளைகளுக்குத்தான் பள்ளியை விட்டால் வேறு கதி இல்லை.

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மாவிடம் "பிள்ளையைச் சாப்பிட வைத்து அனுப்புங்கள்" என்று எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் நடக்காது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அறிவுரையால் ஆகாததை அரசுப் பணம் செய்தது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு, அதிலும் கழிப்பறை. எங்கள் பக்கத்தில் கல்விச் சீர் என்று மேளதாளத்தோடு பீரோ, நாற்காலி, மின்விசிறி கொண்டுவந்து கொடுப்பார்கள். மனம் நிறைந்த காரியம்தான். ஆனால் கழிப்பறைக்கு வேண்டியது ஒருநாள் கொடை அல்ல. பினாயில், பிளீச்சிங் பவுடர், உடைந்த குழாய், தூய்மைப் பணியாளர் சம்பளம் என்று மாதம் தவறாமல் செலவு இருக்கிறது. மோட்டாரில் காயில் எரிந்தால் ரீவைண்டிங் முடிந்து வரும்வரை தொட்டியில் தண்ணீர் ஏறாது. அந்த நாட்களில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

அம்மாக்கள் சிலர் முறை போட்டுச் சுத்தம் செய்தார்கள். களையெடுப்பு வந்ததும் அது நின்றது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதோடு, பிள்ளை எட்டாம் வகுப்பு முடித்துப் போனால் அந்த அம்மாவும் போய்விடுவார். அடுத்து வருபவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000. சாக்பீஸ் முதல் சில்லறை ரிப்பேர் வரை ஆண்டு முழுவதும் இதில்தான் ஓட வேண்டும்.

நிதியும் கைவிடும். பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-க்கான மத்திய அரசின் பங்கு, சுமார் 2,152 கோடி ரூபாய், அந்த ஆண்டில் வரவே இல்லை. வந்த பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கவும் பெற்றோரின் கண் வேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் எப்படியோ, எனக்கு அனுபவமில்லை. அங்கே வீட்டின் பங்கு இதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

உங்கள் பள்ளியில் நாலு பெற்றோர்தான் கூட்டத்துக்கு வருகிறார்கள் என்றால் அவர்களிடம் துடைப்பத்தைக் கொடுக்காதீர்கள். தூய்மைப் பணியாளர் சம்பளத்தையும் மோட்டார் ரிப்பேரையும் தீர்மானமாக எழுதி, அவர்களோடு கிராம சபைக்குப் போங்கள்.