தனியாகப் போனால் குதிக்கும் படகு

2022 ஜனவரியில் புதுச்சேரியை ஒட்டிய கடற்கரை ஊரான வீராம்பட்டினத்துக்காரர் ஒருவரிடமிருந்து 16 அடி பைபர் போட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கூடவே, பின்பலகையில் வெளியே மாட்டுகிற 25 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். நான் மீனவன் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியலில் உப்பனாற்றில் கொடுவாவுக்குத் தூண்டில் போடப் போகிற ஆள். மூன்றரை வருடத்தில் இந்தப் படகு கொடுத்த மீனைவிட முதுகுவலிதான் அதிகம். சின்னப் போட் வைத்துக்கொண்டு, வேகம் எடுத்தாலே தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று புலம்புகிறவர்களுக்காக அந்தக் கதையை எழுதி வைக்கிறேன்.

முதல் வாரமே ஆரம்பித்துவிட்டது. காலை ஆறு மணி, காற்றே இல்லை, ஆறு எண்ணெய் ஊற்றியது மாதிரிக் கிடக்கிறது. ஆக்சிலரேட்டரைத் திருகுகிறேன். போனில் வேகம் பார்த்தால் 25, 26, 27. எல்லாம் சுகம். 28 கிலோமீட்டரைத் தொட்டதும் அணியம், அதாவது படகின் முன்பக்கம், மெல்ல எழும்புகிறது, விழுகிறது. மறுபடி எழும்புகிறது, முன்னைவிட உயரமாக. நாலாவது தடவை ‘டொம்’ என்று அறைகிறது. ஐஸ் பெட்டி மூடி திறந்து பறக்கிறது. வேகத்தைக் குறைத்தால் இரண்டு நொடியில் அடங்கிவிடுகிறது. அலையே இல்லாத தண்ணீரில் ஒரே தாளத்தில் இப்படிக் குதித்தால் அது கடலின் குற்றம் இல்லை, படகின் குற்றம். இங்கிலீஷில் இதற்குப் போர்பாய்சிங் என்று பெயர். ஓங்கல், அதான் டால்பின், முதுகு காட்டிக் காட்டிப் போகுமே, அது போல. ஓங்கலுக்கு அது அழகு. எனக்கு டிஸ்க் வலி.

கேட்ட இடத்தில் எல்லாம் ஒரு வைத்தியம் சொன்னார்கள். முதலில் சொன்னவர் புரொப்பல்லரை மாற்றச் சொன்னார். ஒரு இலையில் சின்ன நெளிசல் இருந்தது உண்மைதான். 6,500 ரூபாய் கொடுத்துப் புதிது போட்டேன். எஞ்சினின் அதிர்வு குறைந்தது. குதிப்பு அப்படியே இருந்தது. நெளிந்த இலை, படகைத் திருப்புகிற எஞ்சின் கைப்பிடியைக் கிடுகிடுக்க வைக்கும், அணியத்தைத் தூக்கிப் போடாது என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

விஷயம் பிடிபட்டது ஒரு தற்செயலில். பொங்கல் விடுமுறை முடிவதற்குள் மனைவியையும் மச்சானையும் ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் முன்பலகையில். 30 போனேன், 32 போனேன், படகு சாது மாதிரி ஓடுகிறது. அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். பழைய குருடி கதவைத் திறடி.

வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். கைப்பிடியைப் பிடித்துக் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருக்கும் நான் 78 கிலோ. எஞ்சின் ஏறக்குறைய 50. என் காலடியில் இருக்கும் 24 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டும் 18 கிலோ. ஆக, 16 அடிப் படகின் கடைசி மூன்றடிக்குள் 146 கிலோ. முன்னால் இருப்பது ஒரு நங்கூரமும் கயிறும்.

மெதுவாகப் போகும்போது படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. வேகம் பிடித்ததும் மேலே எழும்பி, அடிப்பாகத்தின் பின்பகுதியில் மட்டும் சறுக்குகிறது. அந்த நேரத்தில் பாரம் எல்லாம் பின்னால் தேங்கியிருந்தால், அல்லது எஞ்சின் அணியத்தைத் தூக்கும் கோணத்தில் நின்றால், முன்பக்கம் எழும்புகிறது. எழும்பியதும் தாங்குகிற பரப்பு குறைகிறது, தாங்க முடியாமல் விழுகிறது. விழுந்ததும் தண்ணீர் மறுபடி தள்ளுகிறது. தட்டாமாலை மாதிரி இது நிற்காமல் ஓடும், நாம் வேகத்தைக் குறைக்கும் வரை.

கோண விஷயத்தைச் சொன்னவர் சோனாங்குப்பத்து அண்ணன் ஒருவர். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, படகைப் பார்க்காமல் நேராக எஞ்சினின் பின்னால் குனிந்தார். பின்பலகையில் எஞ்சினை மாட்டும் பிடியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும், அதில் ஒன்றில் குறுக்கே ஒரு கம்பி. எஞ்சினின் கால், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி, படகை ஒட்டி உள்ளே நிற்பதா, விலகி வெளியே நிற்பதா என்பதை இந்தக் கம்பிதான் தீர்மானிக்கிறது. என்னுடையது படகிலிருந்து எண்ணினால் நாலாவது ஓட்டையில் இருந்தது.

“எங்க வாங்குன?”

“வீராம்பட்டினம்ண்ணே.”

“அதான். இது அலைல ஏத்தி எறக்க வெச்ச கம்பி தம்பி. ஆத்துல ஓட்டுறவனுக்கு எதுக்கு?”

யோசித்துப் பார்த்தால் அவ்வளவும் நியாயம். வீராம்பட்டினத்தில் படகு மணலிலிருந்து நேராக உடையும் அலைக்குள் இறங்க வேண்டும். திரும்பும்போது அலை பின்னாலிருந்து தள்ளும். அப்போது அணியம் தாழ்ந்திருந்தால் தண்ணீரில் குத்தி, படகு குறுக்கே திரும்பிக் கவிழும். அதனால் முந்தைய முதலாளி அணியம் தூக்கலாகவே வைத்திருந்தார். அவர் தண்ணீருக்கு அது சரி. நான் அவர் தண்ணீருக்கான படகை என் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பியை இரண்டாவது ஓட்டைக்கு மாற்றினேன். அன்றே குதிப்பு 28-லிருந்து 33-க்குத் தள்ளிப்போனது, செலவு பூஜ்யம். ஆசை விடவில்லை, முதல் ஓட்டையிலும் போட்டுப் பார்த்தேன். அது வேறு ரகத் தலைவலி. அணியம் தண்ணீரை உழுதது, முகத்தில் சாரல், கைப்பிடி ஒரு பக்கமாக இழுத்தது. முகத்துவாரத்தில் பின்னாலிருந்து ஒரு சின்ன அலை வந்தபோது படகு தானாகத் திரும்பப் பார்த்தது. அன்றைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது இன்னும் நினைவில் இருக்கிறது. மறுபடி இரண்டுக்கே வந்துவிட்டேன். கடல் பக்கம் போகிற நாளில் மட்டும் மூன்றுக்கு மாற்றுகிறேன், அதுவும் எஞ்சினை அணைத்துவிட்டு.

அப்புறம் பாரத்தை நகர்த்தினேன். பெட்ரோல் குழாயை நீளமாக வாங்கி, டேங்கை நடுப்பலகைக்கு அடியில் கட்டினேன். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை அணியத்தில் கயிறு போட்டு இறுக்கினேன். மணல் மூட்டையும் போடலாம், ஆனால் அது நனைந்து, கசிந்து, படகெல்லாம் சேறாகும். கேனைக் கட்டாமல் வைத்தால் அது முதல் குலுக்கலிலேயே உருண்டு உங்கள் முழங்காலைத் தேடி வரும்.

நானும் முன்னால் நகர வேண்டுமே. கைப்பிடிக்கு இரண்டடி பி.வி.சி. குழாயை மாட்டி, உள்ளே பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். 140 ரூபாய். இந்த மூன்றரை வருடத்தில் செய்த செலவிலேயே உருப்படியான செலவு இதுதான் என்பேன். ஒன்று மட்டும் கவனம்: விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற சுருள் கயிறு கையில் கட்டியிருப்போம் அல்லவா, இருக்கை முன்னால் போனதும் அது எட்டாது. சரி, பரவாயில்லை என்று கழற்றி வைக்காதீர்கள். நீளமானது வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் இன்னொரு கண்டுபிடிப்பு. படகை மேட்டில் ஏற்றி, அணியத்தை உயர்த்தி வைத்து, பின்னால் இருந்த வடிகால் மூடியைத் திறந்தேன். தளத்துக்கு அடியிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் இருபது நிமிடம் ஒழுகியது. இத்தனை நாளும் அதையும் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறேன். வேகம் எடுத்ததும் அந்தத் தண்ணீர் பூராவும் பின்னால் ஓடிச் சேரும். இப்போது மாதம் ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்.

இறக்கை பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டில் இரண்டு பக்கமும் திருகி மாட்டுகிற பிளாஸ்டிக் இறக்கை. ஆன்லைனில் 2,300 ரூபாய்க்கு வாங்கினேன், தட்டில் நாலு ஓட்டை போட்டு மாட்டினேன். வேலை செய்ததா? செய்தது. படகு சீக்கிரம் எழும்பிச் சறுக்க ஆரம்பித்தது, குதிப்பு இன்னும் தள்ளிப்போனது. ஆனால் ஆற்றில் கிடக்கிற வலைக் கயிறு எல்லாம் அதில்தான் மாட்டியது. எட்டாவது மாதம் ஒரு கல்லில் இடித்து ஒரு இறக்கை பாதியாக ஒடிந்தது. ஒற்றை இறக்கையோடு படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியது, கழற்றி எறிந்தேன். கம்பியும் பாரமும் சரியாக இருக்கிற படகுக்கு அது தேவைப்படவில்லை. சரியில்லாத படகில் நோயை மறைத்துத்தான் வைக்கும்.

2023 முழுக்க, 2024 நவம்பர் வரை நிம்மதி.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். புயலுக்கு முன்பே படகை மேட்டில் ஏற்றி, ஒரு பனைத்துண்டை நடுவிலும் ஒரு பனைத்துண்டைப் பின்பலகையின் விளிம்பிலும் வைத்து நிறுத்தியிருந்தேன். எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம் அத்தோடு முடிந்தது. அணியம் உயரமாக இருந்தது, பின்னால் இருந்த வடிகால் மூடியைத் திறந்து வைக்க மறந்தேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பின்பாதியில் விளிம்பு வரை மழைத்தண்ணீர் நிற்கிறது. இறைத்துவிட்டு, அத்தோடு மறந்துவிட்டேன்.

ஜனவரியில் இறக்கினால் குதிப்பு திரும்பி வந்திருக்கிறது. கம்பி இரண்டில்தான் இருக்கிறது, கேன் இரண்டும் முன்னால், அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் 27-லேயே ஆடுகிறது.

எதிர்வீட்டில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரிடம் அவருடைய ஆறடி அலுமினிய மட்டப்பலகையைக் கடன் வாங்கினேன். படகைக் கவிழ்த்து, பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி, அடிப்பாகத்தில் நீளவாக்கில் வைத்தேன். அந்தப் பகுதி நேர்கோடாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. பலகை நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு முனையிலும் ஆடியது, பெஞ்சுப் பலகையில் குழந்தைகள் ஏற்றம் இறக்கம் விளையாடுவது மாதிரி. பின்முனையில் பழைய தடித்த ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகினேன், முட்டாமல் உள்ளே போனது. இரண்டு பனைத்துண்டுக்கு நடுவே, தேங்கிய தண்ணீரின் கனத்தில் அடிப்பாகம் தொந்தி போட்டிருந்தது.

இந்தத் தொந்தி இருந்தால் தண்ணீர் அந்த வளைவைத் தொடர்ந்து போய்ப் படகின் பின்பக்கத்தைக் கீழே உறிஞ்சும், அணியம் எழும்பும், குதிப்பு தொடங்கும். நேர்மாறாக நடுவில் குழிந்திருந்தால் அணியம் அமுங்கும், வேகம் குறையும். ஒரு கொத்தனார் பலகை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிற விஷயம் இது. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

முதுநகர்ப் பக்கம் பைபர் வேலை செய்கிறவர் வந்து பார்த்தார். உள்ளே ஊறிப்போயிருந்த குறுக்குச் சட்டம் ஒன்றை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார். வெளியே பழைய மேல்பூச்சைத் தேய்த்து எடுத்து, பின்விளிம்பை ஒட்டிய பள்ளத்தைக் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் வைத்து அடுக்கடுக்காக நிரப்பினார். ஒவ்வொரு அடுக்குக்கும் பலகை வைத்துப் பார்த்தார். 9,000 ரூபாய், நாலு நாள். அந்த நாலு நாளும் வீட்டில் ரெசின் வாடை என் சட்டையிலிருந்து போகவில்லை என்று திட்டு வாங்கினேன்.

இப்போது படகை நிறுத்தினால் ஏராவின், அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பின், நீளத்துக்கும் பழைய டயர்களை வரிசையாக அடுக்கி அதன் மேல்தான் வைக்கிறேன். வடிகால் மூடி என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. படகு தரையில் இருந்தால் மூடி என் பையில்.

தனியாகப் போனால் 35 வரை ஒரு சிணுங்கல் இல்லை. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால், 36-ஐத் தாண்டும்போது லேசாக ஒரு ஆட்டம் உண்டு. அதைச் சரி செய்யப்போவதில்லை. உப்பனாற்றில் அதற்கு மேல் விரட்டினால் இரண்டு கரையிலும் வலை போட்டிருப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். மச்சான்தான் வரும்போதெல்லாம் கேட்கிறான்: “என்ன மாமா, மீன் பிடிக்கக் கூப்பிடுறீங்களா, கேனுக்குப் பதிலா முன்னாடி உட்கார வைக்கக் கூப்பிடுறீங்களா?”