பாஸ்போர்ட்டை அடமானம் வைத்து ஸ்கூட்டர் எடுக்காதீர்கள்

மதுரையில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அடுத்த மாதம் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்காகத் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குப் போகிறார்கள். பயிற்சி முடிந்ததும் வேலையில் சேர்வதற்குள் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும், கையில் அதிகம் பணமில்லை, எப்படிப் போகலாம் என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல உட்கார்ந்தபோதுதான், எனக்கு நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதே இல்லை என்று தெரிந்தது. அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நான் போனது 2024 அக்டோபர் கடைசியில். அந்த மாதத் தொடக்கத்தில்தான் பிங் ஆறு பெருகி நகரத்துக்குள் வந்திருந்தது. நான் தங்கிய தெருவில் சுவர்களில் இடுப்புயரத்துக்குச் சேற்றுக் கோடு அப்படியே இருந்தது. பயிற்சி நாலு வாரம், 120 மணி நேரம். காலையில் வகுப்பு, மதியம் உள்ளூர் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும், இரவு மறுநாள் பாடத்துக்குத் திட்டம் எழுத வேண்டும். நவம்பர் நடுவில் ஊரே வானத்தில் விளக்குக் கூடுகளைப் பறக்கவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பயிற்சி முடிந்தபோது ஹனோயில் ஓர் ஆங்கில மையத்தில் வேலை உறுதியாகியிருந்தது. டிசம்பர் 16-இல் சேர வேண்டும். இடையில் மூன்று வாரம். விமானத்தில் போகாமல், பாய் என்ற மலையூர், அங்கிருந்து லாவோஸ் எல்லை, மெகாங் ஆற்றில் இரண்டு நாள் படகு, லுவாங் பிரபாங், அப்புறம் பஸ்ஸில் வியட்நாம் என்று திட்டம் போட்டேன். என்னோடு படித்த கேரளத் தோழியும் சேர்ந்துகொண்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் பையில் அசல் பட்டச் சான்றிதழ் இருக்கும். அதன் பின்பக்கம் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அதன் மேல் தூதரக முத்திரை. அதோடு காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ். இவற்றுக்காக நான் மூன்று மாதம் அலைந்தேன். வியட்நாமில் வேலை அனுமதிக்கு விண்ணப்பித்த காகிதங்களிலும், விசா ஒப்புதல் கடிதத்திலும் என் பாஸ்போர்ட் எண்தான் இருந்தது. விசாவை லுவாங் பிரபாங்கில் உள்ள வியட்நாம் துணைத் தூதரகத்தில் வாங்க வேண்டும், குறித்த தேதியில் அங்கே இருக்க வேண்டும் என்று மையத்தில் சொல்லியிருந்தார்கள். ஆக, அந்த மூன்று வாரத்தில் என் பாஸ்போர்ட்டுக்கு ஏதாவது ஆகியிருந்தால் பயணம் மட்டும் கெட்டிருக்காது, வேலையும் போயிருக்கும்.

பாய், சியாங் மாயிலிருந்து 130 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 762 வளைவுகள் என்று அங்கே சட்டையில்கூட அச்சடித்து விற்கிறார்கள். வேனில் மூன்று மணி நேரம். ஊருக்குள் நடந்தே போகலாம், ஆனால் பள்ளத்தாக்கு, வெந்நீர் ஊற்று, வயல்மேல் போட்ட மூங்கில் பாலம் எல்லாம் தள்ளித்தான் இருக்கின்றன. அதனால் அங்கே எல்லோரும் ஸ்கூட்டர் எடுக்கிறார்கள். நான் ஊரிலிருந்தே சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன், ஆகவே அந்த விஷயத்தில் பயமில்லை.

கடைக்காரர் நல்ல ஆங்கிலம் பேசினார். வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று சங்குப்பூவும் எலுமிச்சையும் சேர்த்த நீல ஜூஸ் கொடுத்தார். ஒரு நாளைக்கு 200 பாத் வாடகை. முன்பணமாக 5,000 பாத் ரொக்கம், இல்லையென்றால் பாஸ்போர்ட். என்னிடம் அப்போது மூவாயிரம் சொச்சம்தான் இருந்தது. சுவரில் பாஸ்போர்ட் படம் போட்டு ‘டெபாசிட்’ என்று எழுதி ஒட்டியிருந்தது, எனக்கு முன்னால் நின்றவரும் தன்னுடையதைக் கொடுத்தார். நானும் கொடுத்துவிட்டேன்.

பேச்சுவாக்கில் அவர் கேட்டார், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று. லாவோஸ் என்றேன். எப்போது? வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வேன். அப்புறம்? ஹனோய், வேலையில் சேரப் போகிறேன், லுவாங் பிரபாங்கில் விசா வாங்க வேண்டும். எவ்வளவு அன்பாக விசாரிக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். என்னை எந்த நேரத்தில், எவ்வளவு நெருக்கலாம் என்ற கணக்கு அந்த இரண்டு நிமிடத்தில் அவர் கைக்குப் போய்விட்டது.

ஒப்பந்தக் காகிதத்தில் ஸ்கூட்டர் படம் ஒன்று இருந்தது, ஏற்கெனவே உள்ள கீறல்களைக் குறிப்பதற்கு. அவர் எதையும் குறிக்கவில்லை, நானும் குறிக்கச் சொல்லவில்லை. வண்டி பளபளவென்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வண்டியைத் திருப்பி விட்டோம். அவர் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு தரையில் குந்தினார். எங்கேயும் தேடவில்லை. நேராகக் கால் வைக்கும் பலகைக்கு அடியில், இடதுபக்க ஓரத்துக்கு வெளிச்சம் போனது. அங்கே ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். நானும் குந்திப் பார்த்தேன், விரலால் தடவினேன். கீறலின் பள்ளத்துக்குள் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது, நகத்தால் சுரண்டினால் சாக்பீஸ் தூள் மாதிரி வந்தது. வண்டிக்குப் போடும் பாலிஷ். அதாவது கடைசியாகப் பாலிஷ் போட்டபோதே அந்தக் கீறல் அங்கே இருந்திருக்கிறது. நாங்கள் ஓட்டிய மூன்று நாளில் யாரும் பாலிஷ் போடவில்லை. இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். படத்தில் ஒரு குறியும் இல்லை, கீழே என் கையெழுத்து.

12,000 பாத் கேட்டார். நம் பணத்தில் இருபத்தொன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியாதாம், மொத்தமாகத்தான் மாற்ற வேண்டுமாம், அத்தனை நாளும் வண்டி நின்றால் வாடகையும் நாங்களே தர வேண்டுமாம். குரலை உயர்த்தவே இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, “உங்கள் வேன் ஆறு மணிக்குத்தானே?” என்று கேட்டார்.

தாய்லாந்தில் சுற்றுலாப் போலீசுக்கு 1155 என்ற எண் இருக்கிறது. கூப்பிட்டேன். ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினார்கள், பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது சரியில்லை என்றும் சொன்னார்கள். ஆனால் ஆள் வர நேரமாகும், இன்றே முடியாமலும் போகலாம், நாளை காலை வரை இருக்க முடியுமா என்று கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. இருக்க முடியாத நிலையில் இருந்தது நான்தான். அன்று வேனை விட்டால் மறுநாள் காலைப் படகு போய்விடும், படகு போனால் லுவாங் பிரபாங் தேதியும் போய்விடும்.

ஊருக்கு அண்ணனைக் கூப்பிட்டு அழுதேன். அவன் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னான்: “பணம் போனாப் போகட்டும், முதல்ல பாஸ்போர்ட்டக் கையில வாங்கு.” பேரம் பேசி 7,000-க்கு வந்தது. ஏடிஎம்மில் எடுத்ததற்குத் தனியாக 220 பாத் கட்டணம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகர பிஸ்கட் டப்பாவை எடுத்தார். உள்ளே பதினைந்து இருபது பாஸ்போர்ட்டுகள், ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு வண்டி எண் எழுதிய துண்டுச் சீட்டு. சிவப்பு, பச்சை, நீலம். என்னுடையதன் அட்டை ஓரம் மடங்கியிருந்தது. அங்கேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். அந்த 7,000, ஹனோயில் அறைக்கு முன்பணம் கொடுக்க ஒதுக்கியிருந்த பணம்.

வெளியே வந்தபோது இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினார்கள். வேனுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பாஸ்போர்ட் இல்லாமலே கிளம்பி, தொலைந்துவிட்டது என்று சொல்லி வேறு வாங்கியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். அது அப்படி நடக்காது. முதலில், பொய்ப் புகார் கொடுப்பது தப்பு. அடுத்தது, வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் தூதரகம் அவசரத்துக்குத் தருகிற சான்றிதழை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு மட்டும்தான் திரும்ப முடியும். லாவோஸ் வழியாக ஹனோய் போக முடியாது. புது பாஸ்போர்ட்டே கிடைத்தாலும் எண் மாறிவிடும், விசா ஒப்புதலும் வேலை அனுமதிக் காகிதங்களும் மறுபடி முதலிலிருந்து. இன்னொன்று, 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அந்தப் புத்தகம் இந்திய அரசின் சொத்து. அதை அடகு வைக்க எனக்கே உரிமையில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது என்று சொல்ல முடியாது, பாதி தெரியும். எல்லோரும் கொடுக்கிறார்களே என்று கொடுத்தேன்.

அன்று இரவு வேனில் லாவோஸ் எல்லையோரத் தாய்லாந்து ஊரான சியாங் கோங் வந்து சேர்ந்தோம். காலையில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒருவர் லாவோஸ் விசா படிவங்களோடு உட்கார்ந்திருந்தார். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எல்லையில் நேரம் பிடிக்கும், படகைத் தவறவிடுவீர்கள், என்னிடம் கொடுங்கள், நான் வாங்கித் தருகிறேன் என்று கையை நீட்டினார். மறுபடியும் கடிகாரம், மறுபடியும் பாஸ்போர்ட். நான் கொடுக்கவில்லை. எல்லையிலுள்ள நட்புப் பாலத்தைத் தாண்டி லாவோஸின் ஹுவாய் சாய் பக்கம் போனால், கவுன்டரில் படிவம் நிரப்பி, போட்டோ ஒட்டி, டாலரில் பணம் கட்டி நாமே வாங்கிக்கொள்ளலாம். கசங்காத டாலர் நோட்டு மட்டும் வேண்டும், பாத்தில் கட்டினால் கூடுதலாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த ஆளிடம் காசு கொடுத்தவர்கள் எனக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

தோழி வேறு இடத்தில் ஏமாந்தாள். படகு இரவு தங்கும் பாக்பெங்கில் ஏடிஎம்மே கிடையாது, இங்கேயே லாவோஸ் பணமான கிப் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அதே ஆள் சொன்னதை நம்பி 3,000 பாத் மாற்றினாள். பாத்துக்கு 600 கிப்புக்கு மேல் போய்க்கொண்டிருந்தபோது 450 கொடுத்தார். பாக்பெங்கில் இறங்கி மேடேறியதும் ஏடிஎம் இருந்தது. அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

சரி, எப்படிப் போகலாம் என்று கேட்டவர்களுக்கு. ஸ்கூட்டர் வேண்டுமென்றால் முன்பணத்துக்கு என்று ரொக்கத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட் நகலும் ரொக்கமும் வாங்கிக்கொண்டு வண்டி தருகிற கடைகள் சியாங் மாயிலும் பாயிலும் இருக்கின்றன, தங்கும் விடுதியில் கேட்டால் சொல்வார்கள். வண்டியை எடுக்கும் முன், கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே, போனில் வீடியோ எடுங்கள். சக்கரம், கண்ணாடி, பக்கப் பலகை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் குந்தி அடிப்பக்கத்தையும் எடுங்கள், எனக்கு வலை விரித்திருந்தது அங்கேதான். காகிதத்தில் உள்ள படத்தில் கீறல்களைக் குறித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். அடுத்து எங்கே, எப்போது என்று கேட்டால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லிவிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

அசல் சான்றிதழ்களை இரவு பஸ்ஸில் அடியில் போடும் பையில் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, துணிப்பையில் சுற்றி, தூங்கும்போது தலைக்கு வைத்துக்கொண்டேன். வியட்நாமுக்கு இ-விசா எடுப்பவர்கள் அரசின் தளத்திலேயே எடுங்கள். 90 நாளுக்கு, ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. அதே மாதிரி தோற்றத்தில் இருமடங்கு, மும்மடங்கு வாங்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். விண்ணப்பத்தில் எந்த எல்லை வழியாக நுழைகிறீர்கள் என்று போடுகிறீர்களோ அதே வழியாகப் போவதுதான் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றுலா விசாவில் வந்து பாடம் எடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த மையமாவது சொன்னால் அந்த வேலையே வேண்டாம். மாட்டினால் அபராதம் கட்டுவதும் நாடு கடத்தப்படுவதும் நீங்கள்தான்.

கடையின் பெயரை நான் எழுதவில்லை. அந்தத் தெருவில் அந்த டப்பா வைத்திருப்பது ஒரு கடை மட்டும் இல்லை. எழுத்தில் புகார் கொடுக்காமல் கிளம்பியது மட்டும் இன்றுவரை உறுத்துகிறது. வண்டியை வெள்ளிக்கிழமை மதியம் விடாமல் வியாழக்கிழமை காலையிலேயே விட்டிருந்தால், என் கையில் ஒன்றரை நாள் இருந்திருக்கும். மிஞ்சிப் போனால் 200 பாத் வாடகை வீணாகியிருக்கும். 1155-இலிருந்து ஆள் வரும்வரை அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.