பழைய 38 மில்லிமீட்டர் ராக்கெட் மோட்டார்: பழைய ரீலோடா, புதிய ரீலோடா, வேறு மோட்டாரா?

அமெரிக்காவில் ராக்கெட் விடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவர் அதிலிருந்து விலகும்போது, அவருடைய சாமான் பெட்டி குறைந்த விலைக்கோ இலவசமாகவோ இன்னொருவர் கைக்கு வந்து சேர்வதுண்டு. அதற்குள் பெரும்பாலும் ஏரோடெக் நிறுவனத்தின், மீண்டும் மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் ஆர்எம்எஸ் வகை அலுமினிய உறைகளும், ஒரு பறப்புக்கான எரிபொருளும் வளையங்களும் அடங்கிய, பிரிக்கப்படாத சில ரீலோட் பொதிகளும் கிடக்கும். வாங்கியவர் முன் மூன்று வழிகள் உள்ளன: பழைய உறையில் பழைய ரீலோடையே ஏற்றலாம், பழைய உறையில் புதிதாக வாங்கிய ரீலோடை ஏற்றலாம், இரண்டையும் ஒதுக்கிவிட்டு, முன்பே கோத்து வரும் வேறொரு மோட்டாருக்கு மாறலாம். சோதனையில் தேறிய உறை இருந்தால் இரண்டாவது வழியே சிறந்தது என்பது என் முடிவு. ஆனால் அந்தச் சோதனை எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதும், முதல் வழி எப்போது ஏற்கத்தக்கது என்பதும் விளக்கிச் சொல்லப்பட வேண்டியவை.

உறையில் தொடங்குவோம். 38/240 முதல் 38/1080 வரை உள்ள உறைப் பெயர்களில் முதல் எண் விட்டத்தையும், அடுத்த எண் அது தாங்கும் மொத்த உந்தத்தை ஏறத்தாழ நியூட்டன்-நொடியிலும் குறிக்கின்றன. பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அலுமினியம் கெடுவதில்லை. கெடுப்பவை வெப்பமும் கழுவாமல் விட்ட கசடும்தான். எரிபொருளில் உள்ள அம்மோனியம் பெர்குளோரேட் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு உண்டாவதால், பறந்து முடிந்த உறையை அன்றே துடைக்காமல் விட்டால் ஈரத்தோடு சேர்ந்து அது உட்சுவரை அரித்துச் சிறு குழிகளை உண்டாக்கும். குழி உறையின் நடுப்பகுதியில் இருந்தால், உட்சுவரை வெப்பத்திலிருந்து காக்கும் குழலான லைனர் அதை மறைக்கும். வாயு கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வந்து அமரும் விளிம்பில் இருந்தால் அந்த உறையை ஒதுக்கிவிட வேண்டும்.

வெப்பத்தின் சேதம் இதைவிட நுட்பமானது. லைனரைத் தாண்டித் தீ உறையைத் தொட்டிருந்தால், மேற்பூச்சு அந்த இடத்தில் மட்டும் வெளிறியோ கறுத்தோ தெரியும். பதப்படுத்திய அலுமினியம் அவ்வாறு சூடானால் வலுவை இழக்கிறது. பார்வைக்கு நேராக நிற்கும் அதே குழாய், அடுத்த முறை அழுத்தம் ஏறும்போது அந்த இடத்தில்தான் கிழியும். ஆகவே நிறம் மாறிய உறை எவ்வளவு விலை மதிப்புள்ளதாக இருந்தாலும் ஏற்றக் கூடாது. அதன் பிறகு வெர்னியர் காலிப்பரால் இரு முனைகளிலும் நடுவிலும், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளில், வெளிவிட்டத்தை அளக்க வேண்டும். நடுவில் பருத்திருந்தாலோ முனை வட்டம் நசுங்கியிருந்தாலோ உறை தேறாது. இரு மூடிகளும் கையாலேயே முழு மறையும் இறங்கும்வரை திருக வேண்டும். பாதியில் இறுகினால் மறைக்குள் கசடு இருக்கிறதா, மறையே சிதைந்ததா என்று பார்க்க வேண்டும். லோக்கி நிறுவனத்தின் உறைகளில் மறைக்குப் பதிலாகப் பள்ளத்தில் பொருந்தும் பூட்டு வளையமான ஸ்னாப் ரிங் இருப்பதால், அங்கே வளையம் அமரும் பள்ளத்தின் ஓரம் மழுங்காமல் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பழைய ரீலோடின் நிலை வேறு. அதற்குள் ஒவ்வொரு பொருளும் தன் போக்கில் மூப்படைகிறது. ஏரோடெக்கின் லாஸ் வேகாஸ் ஆலை 2001-இல் தீயில் அழிந்தது. நிறுவனம் பின்னர் யூட்டாவின் சீடார் சிட்டிக்குச் சென்றது. எனவே லாஸ் வேகாஸ் முகவரி அச்சிட்ட பொதி கையில் இருந்தால் அதன் வயதைக் குறைவாக எண்ண வேண்டாம். பையின் ஒட்டு பிரிந்திருந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையே இல்லை. பை முழுதாக இருந்தால், எரிபொருள் கட்டிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வெடிப்போ, கட்டிக்கும் அதைச் சுற்றிய அட்டைக் குழலுக்கும் இடையே விலகலோ தெரிந்தால் எரியும் பரப்பு கூடும். பரப்பு கூடினால் உறைக்குள் அழுத்தம் கூடும். அது வடிவமைத்தவர் கணக்கிட்ட அளவில் நிற்காது. மேற்பரப்பில் வெண்ணிறப் படிவு இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய கட்டி தாமதமாகவும் விட்டுவிட்டும் பற்றும், ராக்கெட்டும் ஏவுகம்பியை விட்டுப் போதிய வேகமின்றிக் கிளம்பும். படிவை உரசி நீக்கிவிட்டு ஏற்றுவோர் உண்டு. உற்பத்தியாளரின் கையேடு அனுமதிக்காத எதையும் கட்டியில் செய்யக் கூடாது என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓ-ரிங்குகளை மெல்ல நீட்டி வளைத்துப் பார்த்து, விறைப்போ மயிரிழை வெடிப்போ தட்டையான தழும்போ இருந்தால் நீக்கிவிட வேண்டும். மாற்றாக வைப்பது அந்த ரீலோடுக்கென்றே உற்பத்தியாளர் தரும் வளையமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஏறத்தாழ அதே அளவுள்ள வளையம் போதாது. இவற்றுள் சிறியதான டிலே வளையத்தின் மேல் எனக்கு மிகுந்த கவலை உண்டு. டிலே என்பது பாராசூட் விரிவதைச் சில நொடிகள் தாமதிக்கும் மருந்துக் கட்டி. அந்த வளையம் கசிந்தால் சூடான வாயு டிலேயைச் சுற்றிப் பாய்ந்து, பாராசூட்டைத் தள்ளும் கருமருந்தை ராக்கெட் முழு வேகத்தில் ஏறும்போதே பற்றவைத்துவிடும். கசியாவிட்டாலும், மூப்படைந்த டிலே குறித்த நொடிகளைவிட நீண்டு எரியலாம். அப்போது பாராசூட் விரிவதற்குள் ராக்கெட் தரையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும். உறையையும் கட்டியையும் கண்ணால் சோதிக்க முடிகிறது. டிலேயின் காலத்தை எரிக்காமல் அறிய வழியில்லை. இந்த ஒரு காரணத்தால், பாராசூட்டை மின்னணு உயரமானி திறக்கும் ராக்கெட்டில் தவிர வேறெதிலும் பழைய ரீலோடை ஏற்றக் கூடாது என்பேன்.

புதிய ரீலோடை ஏற்றும்போது இந்த ஐயங்கள் ஏறக்குறைய எல்லாமே நீங்கிவிடுகின்றன. சோதிக்க வேண்டியதாக உறை மட்டுமே எஞ்சுகிறது. செலவும் ரீலோடின் விலை மட்டுமே. இரண்டை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்த உறையும் ரீலோடும் சேர்ந்த இணைப்பு, அமெரிக்காவின் பொழுதுபோக்கு ராக்கெட் சங்கங்களான நார், டிரிபோலி ஆகியவற்றின் சான்றிதழ்ப் பட்டியலில் இன்றும் இருக்க வேண்டும். மற்றொன்று, பெட்டியோடு வந்த பழைய கையேட்டைப் பின்பற்றாமல் ரீலோடோடு வரும் தாளையே வரிக்கு வரி பின்பற்றிக் கோக்க வேண்டும். மொத்த உந்தத்தின் அளவால் எழுத்திட்டுப் பிரிக்கப்படும் மோட்டார்களில் எச் அல்லது ஐ வகுப்பு மோட்டார் வாங்க அச்சங்கங்கள் தரும் முதல் நிலைச் சான்றும், ஜே முதல் எல் வரை வாங்க இரண்டாம் நிலைச் சான்றும் வேண்டும் என்பது பழைய பெட்டியோடு வந்த ரீலோடுகளுக்கும் பொருந்தும்.

மூன்றாவது வழியில் முதன்மையானது கனடாவின் செசரோனி நிறுவனத்தின் ப்ரோ38. அதில் கட்டிகள், வாயு வெளியேறும் வாயான நாசில், டிலே, வளையங்கள் அனைத்தும் ஒரே குழலாகக் கோக்கப்பட்டே வருகின்றன. டிலேயை அதற்குரிய கருவியால் குறைத்து, உறைக்குள் செலுத்தித் திருகினால் முடிந்தது. கோப்பதில் பிழை நேரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் 38 என்ற எண் ஒன்றே என்பதற்காக ஏரோடெக் உறையில் அதை ஏற்ற முடியாது. தனி உறை வாங்க வேண்டும். உறையே வேண்டாதவருக்கு ஏரோடெக்கின் ஒருமுறை மோட்டாரான டிஎம்எஸ் இருக்கிறது. முதன்முறை சான்றுக்குப் பறப்பவருக்கும், உறை சோதனையில் தோற்றவருக்கும் இவை பொருத்தமானவை. எனினும் மூடிய மோட்டார் எதுவும் பழசானால் உள்ளே பார்க்க இடம் தராது. வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கிடந்த எஸ்டஸ் நிறுவனத்தின் கருமருந்து மோட்டாரில் மருந்து குழலிலிருந்து விலகி, பற்றவைத்ததும் வெடிப்பதை முன்னறிய முடியாதது இதனால்தான். ஆகவே பெட்டியில் மூடிய மோட்டார்களும் இருந்தால், பழைய ரீலோடுகளைவிட அவற்றையே முதலில் ஒதுக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பொத்தானை அழுத்தியும் கிளம்பாத ராக்கெட்டின் மின்னிணைப்பைத் துண்டித்து 60 நொடிகள் காத்திருக்க வேண்டும் என்ற விதி, தாமதமாகப் பற்றக்கூடிய பழைய மோட்டாருக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பழைய மோட்டார் கோளாறானால் உற்பத்தி நாள் குறியீட்டோடு மெஸ் எனப்படும் மோட்டார்க் கோளாறுக் கணக்கெடுப்பில் பதிய வேண்டும்; அதே தொகுதிப் பொதி இன்னும் பலருடைய அலமாரியில் இருக்கக்கூடும்.