சேலத்துக்கு எந்தச் சின்ன கார்? ஊருக்குள் மைலேஜ், ஏற்காட்டு மலையில் இழுவை

சேலத்தில் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்பது இரண்டே கேள்விதான். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? ஏற்காடு ஏறுமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம்: இன்றைக்கு விற்கும் எல்லாச் சின்ன காரும் ஏறும். ஏ.சி. ஓட, நாலு பேரும் நிறைந்த டிக்கியுமாக, கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பஸ் நின்றுவிட்டால் எந்த கியரில், எவ்வளவு திணறலோடு மறுபடி கிளம்பும் என்பதைத்தான் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு நிறுவனம் சொல்லும் எண்ணை வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஓட்டுவதற்கும் சுகமாக இருக்க வேண்டும், குடும்பத்துக்கும் ஆக வேண்டும் என்பவர்கள் பார்க்க வேண்டிய ஐந்தை இங்கே எடுத்துக்கொள்வோம். மாருதி ஸ்விஃப்ட் 1.2, மாருதி பலேனோ 1.2, மாருதி ஃப்ரான்க்ஸ் 1.0 டர்போ, ஹூண்டாய் ஐ20 என் லைன் 1.0 டர்போ, டாடா ஆல்ட்ராஸ் 1.5 டீசல். ஐந்துமே நாலு மீட்டருக்கு உட்பட்டவை; ஐந்துக்கும் 37 லிட்டர் டேங்க்.

ஸ்விஃப்ட் மேனுவலுக்கு நிறுவனக் கணக்கு லிட்டருக்கு 24.8 கிலோமீட்டர். பலேனோ மேனுவலுக்கு 22.35, ஃப்ரான்க்ஸ் டர்போ மேனுவலுக்கு 21.5. இந்த எண்களைத் தரும் சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், உருளைகளின் மேல். மேடு கிடையாது, ஏ.சி. கிடையாது, வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாது. போதாக்குறைக்கு, இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஒரு லிட்டரில் ஆறு, ஏழு விழுக்காடு ஆற்றல் வாங்கும்போதே குறைந்துவிடுகிறது. இது எல்லா பெட்ரோல் காருக்கும் பொது.

கையில் நிற்கக்கூடிய எண்கள் இவை. ஏ.சி. போட்டு, சேலம் போக்குவரத்தில், அவசரமில்லாமல் ஓட்டுகிறவருக்கானது. முதல் எண் ஊருக்குள், இரண்டாவது நான்குவழிச் சாலையில் 80, 90 வேகத்தில்:

ஸ்விஃப்ட்: 14–16, 20–22
பலேனோ: 13–15, 19–21
ஃப்ரான்க்ஸ் டர்போ: 11–13, 16–18
ஐ20 என் லைன்: 10–12, 15–18
ஆல்ட்ராஸ் டீசல்: 15–17, 20–23

மலை எவ்வளவு குடிக்கிறது?

மலைக்குப் போனால் பெட்ரோல் கரைந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டால் அவ்வளவு இல்லை.

சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, 30 கிலோமீட்டரில் ஏற்காடு. ஏறும் உயரத்தை 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்விஃப்டின் எடை 920 கிலோ அளவில். நாலு பேர், சாமான் எல்லாம் சேர்த்தால் 1,250 கிலோ. இதை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க 13.5 மெகா ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 30 மெகா ஜூல் இருந்தாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது எட்டுதான். மீதி வெப்பமாகப் போய்விடும். ஆக, உயரத்துக்கு மட்டும் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். டயர் உராய்வு, ஏ.சி., வளைவுக்கு வளைவு வேகம் குறைத்துக் கூட்டுவது எல்லாம் சேர்த்தால் சேலத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர். லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டு என்று டிஸ்பிளே காட்டுவது இதனால்தான். காரில் கோளாறு எதுவும் இல்லை.

இறங்கும்போது இந்தக் கணக்கில் ஒரு பகுதி திரும்பி வரும். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் சுழற்சி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும்வரை இன்ஜெக்டர் பெட்ரோலையே விடாது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. அதனால் மலைப்பாதையின் பெரும்பகுதியில் செலவு பூஜ்யம். போக வர 60 கிலோமீட்டருக்கும் மொத்தம் மூன்றரை லிட்டர் போதும். சராசரி 17-ஐத் தொடும்.

நியூட்ரலில் இறங்கினால் மிச்சமாகும் என்பது முழுத் தவறு. நியூட்ரலில் எஞ்சின் தானாக ஓட வேண்டும். அதற்கு மணிக்கு 0.6 முதல் 0.8 லிட்டர் ஊற்றியே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், காரைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக் மேல் விழும். பத்து வளைவுக்குள் பிரேக் பேடு கருகும் வாடை வரும், பெடல் பிடிப்பு குறையும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளை ஏன் கியரிலேயே இறங்கச் சொல்கிறார்கள் என்பதற்கும் இதே காரணம்தான். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். சின்ன காருக்கு அது பெரும்பாலும் இரண்டாவது கியர்.

பெட்ரோல் உண்மையில் எங்கே போகிறது

ஐந்து ரோடு, நாலு ரோடு, பழைய பஸ் ஸ்டாண்ட் சுற்று வட்டாரத்தில்தான். ஏ.சி. போட்டு நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டருக்கு நெருக்கமாகக் குடிக்கும். தினம் இருபது நிமிடம் சிக்னலிலும் நெரிசலிலும் நின்றால், வருடத்தில் 300 நாளுக்கு 100 லிட்டர். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்தால் வருடத்துக்கு 40 லிட்டர் சொச்சம். மலையைப் பார்த்து மைலேஜ் கார் தேடுவதும், ஊருக்குள் ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதும் தலைகீழான வழி. மைலேஜை ஊரை வைத்து முடிவு செய்யுங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மலையை வைத்து.

இந்தச் செலவைக் குறைக்க மாருதியின் மூன்றிலும் ஒரு வழி உண்டு. நின்றதும் எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்ததும் கிளப்பும் வசதி இருக்கிறது. ஆனால் சேலத்து ஏப்ரல், மே வெயிலில் உள்ளே கொஞ்சம் சூடு ஏறியதுமே ஏ.சி.க்காக எஞ்சின் தானே கிளம்பிவிடும். கோடையில் இதிலிருந்து பெரிய மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம். பலர் எரிச்சலில் இந்த வசதியை அணைத்தே வைக்கிறார்கள். மற்ற மாதங்களிலாவது விட்டு வைப்பது நல்லது.

ஸ்விஃப்டா, டர்போவா?

உண்மையான போட்டி இதுதான்.

ஸ்விஃப்டின் மூன்று சிலிண்டர் எஞ்சின் தருவது 82 குதிரைத்திறன், 112 நியூட்டன் மீட்டர். நியூட்டன் மீட்டர் என்பது இழுவையின் அளவு; அது முழுதாக வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 4,300 சுழற்சியில் ஓடும்போது. ஆளில்லாத காரில் எடை குறைவு என்பதால் துறுதுறுவென்று ஓடும், ஸ்டியரிங்கும் லேசு. நாலு பேரோடு மலையில் வளைவைச் சுற்றி வெளியே வரும்போது எஞ்சின் 1,500-இல் இருந்தால் இரண்டாவது கியரில் திணறும். முதல் கியருக்கு வர வேண்டும், அல்லது வளைவுக்குள் போகும்போதே வேகத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சின் சேலத்தில் தரும் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஏற்காட்டில் இழந்திருக்கும். மேல் வளைவுகளில் "பிக்கப் குறைஞ்சுபோச்சு" என்று தோன்றுவது பிரமை இல்லை.

டர்போ அந்த இழப்பைக் காற்றை அழுத்தி ஈடுகட்டிவிடும். ஃப்ரான்க்ஸ் டர்போவில் 100 குதிரைத்திறன், 148 நியூட்டன் மீட்டர். முழு இழுவை 2,000 சுழற்சியிலிருந்து. ஐ20 என் லைனில் 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500-இலிருந்தே. வளைவு முடிந்து மிதித்ததும் தள்ளிக்கொண்டு போவதில் என் லைனுக்கு இந்த ஐந்தில் ஈடு இல்லை. ஆறு கியர் மேனுவலும் அதற்கு உண்டு. ஓட்டும் சுகத்துக்காகவே ஒரு கார் என்றால் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

விலை எங்கே கொடுக்கிறோம்? ஊரும் சாலையும் கலந்து ஸ்விஃப்ட் 17 என்றும் என் லைன் 13.5 என்றும் கொள்வோம். வருடம் 10,000 கிலோமீட்டருக்கு ஒன்று 588 லிட்டர், மற்றது 741. லிட்டர் 100 ரூபாய் என்றால் வித்தியாசம் 15,300 ரூபாய், மாதம் 1,275. வாங்கும் விலையில் உள்ள இடைவெளி தனி. டர்போ எஞ்சின் பதமான காலுக்கு நல்ல மைலேஜே கொடுக்கும். ஒவ்வொரு சிக்னலிலும் அழுத்தி மிதித்தால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஒரே வீட்டில் அப்பா ஓட்டினால் 13, மகன் ஓட்டினால் 9 என்று வருவது டர்போவில்தான்.

ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்விஃப்டிலும் பலேனோவிலும் இருப்பது ஏ.எம்.டி.; மேனுவல் கியர்பாக்ஸையே கம்ப்யூட்டர் மாற்றுகிறது. வளைவின் நடுவில் மூன்றா இரண்டா என்று தடுமாறும். மலை தொடங்கியதும் லீவரை எம் (மேனுவல்) பக்கம் தள்ளி, கியரை நாமே பிடித்து வைத்துக்கொண்டால் பிரச்சினை தீரும். என் லைனின் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச், எண்ணெயில் நனையாத உலர் வகை. கோடை விழாக் கூட்டத்தில் ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் கிளட்ச் சூடாகும். முன்வண்டியோடு ஒட்டிக்கொண்டு ஊராமல், பிரேக்கில் நின்று, இடைவெளி விழுந்ததும் ஒரே மூச்சில் நகர்வதுதான் அதற்கு மருந்து. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. மலை அடிக்கடி என்றால் ஆட்டோமேட்டிக்கில் ஃப்ரான்க்ஸ் டர்போவின் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் வகை) நிம்மதியானது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடில் ஷிஃப்டரால் (விரலால் கியர் மாற்றும் துடுப்பு) இறக்கத்தில் கியரைக் குறைத்துப் பிடிக்கலாம்.

ஆல்ட்ராஸ் டீசல் யாருக்கு?

இந்தியச் சந்தையில் டீசலோடு எஞ்சியிருக்கும் ஹேட்ச்பேக் இது. 90 குதிரைத்திறன்தான், ஆனால் 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,250 சுழற்சியிலிருந்து. மலையில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் கிளட்சுக்கு வேலையே குறைவு. காரின் எடை கூடுதலாக இருந்தும், உயரம் ஏற ஆகும் எரிபொருள் 1.3 லிட்டருக்கு அருகில்தான். கட்டுமானத்திலும் உறுதி: ஆல்ட்ராஸ் 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

ஆனால் பணக்கணக்கு இடிக்கிறது. பெட்ரோல் காரில் கிலோமீட்டருக்கு 6.70 ரூபாய் ஆகும் இடத்தில் டீசலில் 4.90 ஆகும் என்று கொண்டாலும், வாங்கும்போது கூடுதலாகக் கொடுக்கும் லட்சத்துச் சொச்சம் திரும்ப 60,000, 70,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். இன்னொன்று, புகைக்கரி வடிகட்டி. அஸ்தம்பட்டியிலிருந்து சூரமங்கலம் வரை தினம் போய் வருவது மட்டுமே வேலை என்றால் வடிகட்டி சூடேறிக் கரியை எரிக்க நேரம் கிடைக்காது. அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். வாரம் ஒருமுறையாவது கொண்டலாம்பட்டி பைபாஸ் ஏறி, சங்ககிரி வரை 20, 30 நிமிடம் ஒரே சீராக ஓட்ட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், பெங்களூரு, கோவை என்று ஓட்டம் இருப்பவர்களுக்கு மட்டுமே டீசல்.

பின் சீட்டு

டிக்கி ஸ்விஃப்டில் 265 லிட்டர், ஃப்ரான்க்ஸில் 308, ஐ20-இல் 311, பலேனோவில் 318, ஆல்ட்ராஸில் 345. குழந்தை வண்டியும் இரண்டு பெட்டியும் வைக்க ஸ்விஃப்ட் சிரமப்படும். பின்னால் பெரியவர்கள் மூவர் உட்கார்வதற்கும் அது இல்லை. தாத்தா பாட்டியோடு போகும் குடும்பத்துக்கு பலேனோதான் பொருந்தும்; ஓட்டுவதில் ஸ்விஃப்ட் அளவுக்குத் துடிப்பில்லை, நாலு சிலிண்டர் என்பதால் அதிர்வு குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி இறங்க ஃப்ரான்க்ஸின் உயரம் உதவும்.

யாரும் ஷோரூமில் பார்க்காத ஒன்று: பின் ஜன்னல். மலைப்பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுப்பதற்கு வளைவு பாதிக் காரணம், வெளியே பார்க்க முடியாமல் உட்கார்ந்திருப்பது மீதி. ஸ்விஃப்டிலும் ஐ20-இலும் பின் ஜன்னலின் கீழ்க்கோடு மேலே ஏறிப் போகும்; சின்னப் பிள்ளைக்குக் கதவு மட்டுமே தெரியும். வாங்கும் முன் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பாருங்கள்.

சி.என்.ஜி. எல்லோரும் கேட்பதால் இரண்டு வரி. ஊருக்குள் செலவு குறையும். ஸ்விஃப்ட் சி.என்.ஜி. 70 குதிரைத்திறன்தான், நாலு பேரோடு ஏற்காடு ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்வதே நல்லது. டிக்கியும் போய்விடும்.

முடிவாக, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெரும்பாலும் ஊருக்குள், மாதம் ஒருமுறை மலை என்றால் ஸ்விஃப்ட் மேனுவல். பெரியவர்களும் உடன் வருவார்கள், மலை அடிக்கடி என்றால் ஃப்ரான்க்ஸ் டர்போ. மாதம் ஆயிரத்துச் சொச்சம் கூடுதல் செலவு உறுத்தாது, ஸ்டியரிங் பிடிப்பதே சந்தோஷம் என்றால் என் லைன் மேனுவல்.

வாங்கிய பிறகு மைலேஜ் பார்ப்பது எப்படி? டிஸ்பிளே பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரே பங்க்கில், நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டி, அதே இடத்தில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். கழுத்துவரை தளும்பத் தளும்ப ஊற்றச் சொல்லாதீர்கள். ஆவியை உறிஞ்சும் கரிப்பெட்டிக்குள் பெட்ரோல் போய்க் கெடுத்துவிடும். டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பாருங்கள். நாலு பேரும் சாமானும் என்றால் அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கு வேறு அளவு இருக்கும். மலைக்குக் கிளம்பும் நாளில் அதை வையுங்கள். ஓட்டிச் சூடான டயரில் மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியதும் டயரில் காற்று குறைந்து மைலேஜும் குறையும்.