ஆர்ச், டெபியன், ஜென்டூ: பயனருக்குச் சேதி சொல்லும் மூன்று வழிகள்

நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவைத்த திறமூலத் திட்டம் ஒன்றுக்குத் தன் பயனர்கள் யார், எந்தப் பதிப்பில் இருக்கிறார்கள் என்பது பெரும்பாலும் தெரியாது. வாடிக்கையாளர் பட்டியல் என்ற ஒன்றே இல்லாததால், வரவிருக்கும் மாற்றத்தை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவைக்க அதற்கு வாய்த்த இடம் அதன் வலைத்தளமே. அந்த இடத்தை ஆர்ச், டெபியன், ஜென்டூ என்ற மூன்று லினக்ஸ் வழங்கல்கள் (லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்துத் தரும் திட்டங்கள்) மூன்று விதமாகக் கையாள்கின்றன.

ஆர்ச் லினக்ஸின் முகப்புப் பக்கத்திலேயே செய்திகள் வரிசையாக நிற்கும். எண்ணிக்கையில் அவை குறைவு. பயனர் தன் கையால் ஏதேனும் செய்தாக வேண்டுமென்றால் அதைத் தலைப்பே சொல்லிவிடும். 2025 ஜூனில் வன்பொருளை இயக்கும் கோப்புகள் அடங்கிய லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜை (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்பை)ப் பல துண்டுகளாகப் பிரித்தபோது, சில என்விடியா கோப்புகள் ஏற்கெனவே இருப்பதாகக் கூறி அப்டேட் தடைபடக்கூடும் என்பதையும், பழையதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவ இரண்டு கட்டளைகள் போதும் என்பதையும் ஒரு சிறு பதிவு சொல்லி முடித்தது. இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியாது.

ஆனால் இந்த முறை, அப்டேட்டுக்கு முன் பயனர் தானே வந்து பக்கத்தைப் பார்ப்பார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஆர்ச் விக்கி இதைப் பயனரின் கடமையாகவே எழுதிவைத்திருக்கிறது. நடைமுறையில் எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு கதை. படிக்காத செய்தி இருந்தால் அப்டேட்டையே நிறுத்திவிடும் இன்ஃபார்மன்ட் என்ற கருவியைப் பயனர்களே எழுதிக்கொண்டது அதனால்தான். பக்கத்தைத் தவறாமல் பார்ப்பவரும் சில சமயம் மாட்டிக்கொள்வார்: 2022 ஆகஸ்டில் க்ரப் என்ற பூட்லோடரின் (கணினியைத் துவக்கும் நிரலின்) புதிய பதிப்பு வந்து, சில கணினிகள் துவங்காமல் போன பிறகே, 30ஆம் தேதி, பூட்லோடரை மறுபடி நிறுவி அமைப்புக் கோப்பையும் புதிதாக உருவாக்க வேண்டும் என்ற அறிவிப்பு வெளியானது.

டெபியனுக்கு அவசரம் குறைவு. நிலையான பதிப்பு ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால், எச்சரிக்கைகளைத் திரட்டி வெளியீட்டுக் குறிப்புகளாகப் பல மொழிகளில் தர முடிகிறது. டெபியன் 13இல் தற்காலிகக் கோப்புகளின் அடைவு நினைவகத்துக்கு மாறியது போன்ற செய்திகளை அதில் 'கவனிக்க வேண்டிய சிக்கல்கள்' அத்தியாயத்தில் காணலாம். தளத்தின் மற்றப் பகுதிதான் சிதறிக்கிடக்கிறது: பாதுகாப்பு அறிவிப்பு ஓரிடம், திட்டச் செய்தி ஓரிடம், குறுஞ்செய்திகள் வேறோரிடம். புதிதாக வருபவருக்கு எதைப் பின்தொடர்வது என்றே புரியாது.

2024 மார்ச் 29 அன்று கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் யாரோ ரகசியமாக நுழைய வைத்த பின்கதவு அம்பலமானபோது இருவரின் குணமும் பளிச்சென்று தெரிந்தது. உடனே அப்டேட் செய்யுங்கள் என்பதே ஆர்ச் அறிவிப்பின் முதல் வரி. டெபியனோ, நிலையான பதிப்புகள் எவையும் பாதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்றும், சோதனைக் கிளைகளில் எந்தப் பதிப்பு எண்ணிலிருந்து எந்த எண் வரை சிக்கல் என்றும் வரையறுத்துச் சொன்னது. பெரும்பாலான டெபியன் பயனர்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற நிலையில், அந்த நிதானம்தான் சரி.

இருவருமே விட்டுவைத்த இடைவெளியை ஜென்டூ 2005இல் முன்வைக்கப்பட்ட ஒரு திட்டத்தின் வழியே அடைத்தது. அதன்படி ஒவ்வொரு செய்தியின் தலைப்பகுதியிலும், இன்ன பேக்கேஜ் நிறுவப்பட்டிருந்தால் மட்டும் காட்டு என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். பேக்கேஜ் பட்டியல் அடங்கிய களஞ்சியத்தைப் புதுப்பித்து முடித்தவுடன், படிக்க வேண்டிய செய்திகள் இத்தனை என்று கட்டளைகளை இடும் டெர்மினலிலேயே வரும். சம்பந்தமில்லாதவருக்கு ஒன்றும் வராது. அதே செய்திகள் தளத்திலும் கிடைப்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் குறையில்லை. மூன்றில் என் வாக்கு இதற்குத்தான்.

இருந்தாலும், இரண்டு மூன்று பேர் ஓய்வு நேரத்தில் நடத்தும் ஒரு நிரல் நூலகத்துக்குச் சொந்தமாகப் பேக்கேஜ் மேலாளர் (பேக்கேஜ்களை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி) கிடையாது. அவர்கள் ஆர்ச்சைப் போல முகப்பில் சில வரிகளை இட்டு, 'இன்ன பதிப்பில், இன்ன வசதியைப் பயன்படுத்துவோருக்கு மட்டும்' என்பதை ஜென்டூவைப் போல முதல் வரியாக வைப்பதே நடக்கக்கூடியது. மாநாடு, நன்கொடைச் செய்திகள் வேறு பக்கத்துக்குப் போகட்டும்.